ஒரே ஒரு கேள்வி

"ஏம்மா ஐலா, நீ சுத்திக் காட்டி முடிச்சதும் வெளிய வர்றவங்க மூஞ்சியைப் பார்த்திருக்கியா? பல்லைப் புடுங்கிட்டு வர்ற மாதிரி வர்றாங்க!" என்றார் தைஸ்தோ. ஹௌகிலின்னா கோட்டைக்கும் அதற்குள் இருந்த மூன்று அருங்காட்சியகங்களுக்கும் அவர்தான் மேலாளர்.

பத்தொன்பது வருடமாக அங்கே வழிகாட்டியாக இருக்கும் ஐலாவுக்குச் சுருக்கென்றது.

"லாட்டரி விழுந்தாலே நம்ம ஃபின்லாந்து ஆளுங்க சிரிக்க மாட்டாங்க. கோட்டையைப் பார்த்தா சிரிப்பாங்க?"

"சிரிக்க வேணாம்மா. வாசல்ல சிரிக்கிற மூஞ்சி, அழற மூஞ்சின்னு பொத்தான் வெச்சிருக்கோம். உன் ஆளுங்க அழற மூஞ்சியைக்கூட அமுக்கறதில்ல. ஒரு கேள்வி கேக்கறதில்ல. திங்கக்கிழமை காதுல மாட்டற கருவி வருது. அதுவே கதை சொல்லிடும். அதுக்கு லீவும் வேணாம், ஒரு நாளைக்கு எட்டு காப்பியும் வேணாம்."

"அப்ப நான்?"

தைஸ்தோ கொஞ்சம் இளகினார். "இப்ப பதினோரு மணிக் குழு இருக்கில்ல? அதுல ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும். கருவியைத் திருப்பி அனுப்பிடறேன். நான் கடைசி வாசல்ல நிக்கறேன்."

ஐம்பத்து மூன்று வயதில், செத்துப்போன பிரபுக்களின் வம்பைத் தவிர வேறெதுவும் தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுப்பான்?

முற்றத்தில் பன்னிரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றிருந்தார்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டில், இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல. ஐலாவுக்குப் பார்த்ததுமே நம்பிக்கை போய்விட்டது.

"பதினோரு மணிக்காரங்கதானே?"

பன்னிரண்டு தலைகளும் ஆடின.

"என் பின்னாடியே வாங்க!"

வழக்கமாகச் சொல்லும் ஆண்டுகளையும் அளவுகளையும் இன்று அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். வேலையே போகப்போகிறது, பிரபுவின் மானம் போனால் என்ன?

"இந்தக் கட்டில்ல படுத்த ஆளுநர் வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் குளிச்சார். அதுல ஒண்ணு, கால் தவறி ஏரியில விழுந்தது. அவர் சம்சாரம் எங்க படுத்தாங்கன்னு யாருக்காவது கேக்கத் தோணுதா?"

யாருக்கும் தோன்றவில்லை.

ஆயுத அருங்காட்சியகத்தில் பீரங்கி மேல் சாய்ந்துகொண்டாள். "இது போர்ல ஒரே ஒரு தடவை வெடிச்சுது. குண்டு விழுந்தது நம்ம மாட்டுக் கொட்டகை மேல. எத்தனை மாடு போச்சுன்னு கேளுங்களேன்!"

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். ஐலா ஆசையோடு அவர் பக்கம் குனிந்தாள். அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அப்போது ஓர் இளைஞனின் கைப்பேசி அடித்தது. நிறுத்தினான். உடனே மறுபடி அடித்தது. அவனுக்கு முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, நானூறு வருஷச் சரித்திரத்தைவிட அது என்ன அவசரம்? எல்லாரும் அணைச்சிடுங்க பார்ப்போம்."

பன்னிரண்டு பேரும் ஒழுங்காக அணைத்துப் பைக்குள் போட்டார்கள்.

மேல்மாடத்தில், ஏரிக்கு நேர் மேலே கல்லில் ஒரு ஓட்டை. "இது ஆளுநரோட கக்கூஸ். அவர் மேல உக்காந்திருக்கறப்ப, கீழ அதே இடத்துல சமையக்காரன் தூண்டில் போடுவான். மத்தியானம் அந்த மீனையே சூப் வெச்சுக் குடுப்பான். ஆளுநர் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிப்பாராம்!"

ஒரு பெண்ணின் உதடு லேசாகத் துடித்ததுபோல் இருந்தது. ஃபின்லாந்தில் அது பெரிய ஆரவாரம்தான். ஆனால் கேள்வி வரவில்லையே.

கோட்டைத் தேவாலயத்தின் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே யாரோ ஆர்கனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பழகுகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஐலா.

"இங்க இருந்த பாதிரியார் எப்பவும் போதையிலதான் பிரசங்கம் பண்ணுவார். ஒரு தடவை..."

இளைஞனின் கை பாதி உயரத்துக்கு எழுந்தது.

"கேள்வியா?" ஐலா கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

எல்லோரும் திரும்பி அவனையே பார்க்க, அவனுக்குக் காது சிவந்தது. கை இறங்கிவிட்டது. "இல்ல, பரவாயில்லை. நீங்க முடிச்சிடுங்க."

முடித்தாள். துணி அருங்காட்சியகம், சிறைக்கிடங்கு, நூற்று நாற்பது படி. அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவதைவிட ஏரியில் குதித்துவிடுவது மேல் என்று நினைக்கும் கூட்டம் அது. வாயைத் திறக்காமல் அத்தனை படியும் ஏறி இறங்கியது.

பன்னிரண்டரை மணிக்குக் கடைசி வாசல். தைஸ்தோ கையில் காப்பிக் கோப்பையோடு நின்று, என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். ஐலாவுக்கு அழுகை முட்டியது.

"கடைசியாக் கேக்கறேன். உங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போகும். யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

மெதுவாக, அந்த இளைஞனின் கை முழுசாக உயர்ந்தது.

ஐலா வெற்றியோடு தைஸ்தோவைத் திரும்பிப் பார்த்தாள். "கேளுங்க தம்பி! கூச்சப்படாம கேளுங்க!"

"கதையெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நடுவுல பேசினா மரியாதையா இருக்காதுன்னுதான் இவ்வளவு நேரம்..." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அந்தத் தேவாலயத்துக்குத் திரும்பிப் போக எது வழி? பதினோரு மணிக்கு எனக்கு அங்க கல்யாணம்."