விழுந்த மெஷினின் விலை

"இன்னிக்கு வித்தா இது எவ்ளோ போவும்? அத மட்டும் சொல்லும்மா."

ஹேமந்த் அந்த மரம் அறுக்கும் மெஷினை ஃபைஸாவின் மேசைமேல் வைத்தான். மூன்று கிலோதான் இருக்கும். மரத்தின் மேலேறிக் கிளை கழிப்பவர்களுக்கென்றே செய்த செயின் சா. கைப்பிடி தனியாகக் கழன்று கிடந்தது.

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளில் மரம் கழிக்கும் கான்ட்ராக்ட் பாதி ஹேமந்திடம்தான். அவனுக்குப் பின்னால், வாசலிலேயே நின்றார் ஜெபகுமார். பதினெட்டு வருஷமாக மரம் ஏறுகிறவர். வலது உள்ளங்கை முழுக்கத் துணிக்கட்டு.

"இன்னா ஆச்சு?" என்றாள் ஃபைஸா.

"நேத்து முப்பதடி உசரத்துலேந்து கீழ போட்டுட்டாரு தொர. கீழ ரிசார்ட்டு ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. ஒரு அடி தள்ளி உழுந்துச்சு. இல்லன்னா நான் இந்நேரம் ஸ்டேஷன்ல இருப்பேன்."

"நான் போடல சார்," என்றார் ஜெபகுமார். "கைப்பிடி கயண்டுகினு வந்துச்சு. மெஷினு அப்டியே மூஞ்சிக்கு நேரா திரும்புச்சு. உட்டுட்டு கயித்தப் புடிச்சேன்."

"கை தவறிப் போட்டுட்டு கத வுடாத. உழுந்த வேகத்துல கயண்டுது அது."

ஹேமந்த் ஃபைஸாவின் பக்கம் திரும்பினான்.

"மதுராந்தகத்துல ஒருத்தரு இதுக்கு இருவத்தஞ்சாயிரம் தர்றேன்னு போன வாரம்தான் கேட்டாரு. இப்ப எவ்ளோ தேறும்னு நீ சொல்லு. கொறையறத இவன் கூலில புடிச்சிக்கறேன். நீ சொன்னா இவனும் ஒத்துக்குவான்."

அது உண்மைதான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் அப்பா விட்டுப்போன மெஷின் ரிப்பேர் கடையை ஃபைஸா எடுத்து நடத்த ஆரம்பித்து நாலு வருஷம். அந்த வட்டாரத்தில் பழைய மெஷினுக்கு அவள் சொல்வதுதான் விலை. விற்கிறவனும் வாங்குகிறவனும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தாள். இழுவை நன்றாக இருந்தது. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை.

மெஷினைக் கவிழ்த்தாள். எஞ்சினின் அடிப்பாகத்தில், முடி அளவுக்கு ஒரு விரிசல். துடைக்கத் துடைக்க ஆயில் கசிந்தது.

இனி இது உதிரி பாகத்துக்குத்தான். ஐயாயிரம் கிடைத்தாலே பெரிசு.

கடைசியாகக் கைப்பிடியை எடுத்தாள். ஸ்க்ரூ மாட்டும் இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா, இவ்ளோ யோசன?"

ஜெபகுமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறைகிற இருபதாயிரம் என்றால் அவருக்கு ஒரு மாசக் கூலி.

"இருவத்தஞ்சு," என்றாள் ஃபைஸா.

"இன்னாது?"

"இருவத்தஞ்சாயிரம். கம்ப்ரஷன் புச்சாட்டம் கீது. பிஸ்டன் கிளீனா கீது. உழுந்ததால ஒண்ணும் கொறயல."

"உழுந்த மெஷினுக்கு இருவத்தஞ்சா? எவன் குடுப்பான்?"

"நான் குடுக்கறேன்."

போனை எடுத்தாள். அடுத்த நிமிஷம் ஹேமந்தின் சட்டைப் பைக்குள் இருந்த போன், பணம் வந்துவிட்டதாகச் சொன்னது. அவன் எடுத்து இரண்டு தரம் பார்த்துக்கொண்டான்.

"பொயச்சிக்கினய்யா," என்றான் ஜெபகுமாரிடம். "கூலில கை வெக்கல. ஆனா இனிமே நீ மரம் ஏற வேணாம். கை நடுங்கறவன மேல ஏத்திட்டு நான் கேசுக்கு அலைய முடியாது. நாளைலேந்து கீழ நின்னு கட்ட பொறுக்கு. அதுக்கு என்னா கூலியோ அதான். வேற எவன்கிட்ட போனாலும் இதான். எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜெபகுமார் உடனே கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தார்.

"யம்மா, அந்த வெடிப்ப நானும் பாத்தேன். இது அஞ்சாயிரம் கூட போவாதுன்னு எனக்குத் தெரியும். இதே மெஷினு மூணு வருசமா என் கையிலதான கீது."

ஃபைஸா கழற்றிய சைலன்சரைத் திரும்ப மாட்டப் பார்த்தாள். மாட்ட வரவில்லை.

"எனுக்காக நீ இருவதாயிரம் நஷ்டப்பட்டுகீற. எங்க வூட்ல இன்னிக்கு உனுக்காக ஜெபம் பண்ணுவாங்கம்மா."

"வுடுங்கண்ணே."

"கட்ட பொறுக்குனா இன்னா, பொறுக்கறேன். பதினெட்டு வருசமா ஒரு கத்தி கூட நான் கீழ போட்டதில்ல. அத யாரும் நம்பல. ரிசார்ட்டு வாட்ச்மேன் நம்பல. கூட ஏர்ற பசங்க நம்பல. நேத்து நைட்டு வூட்ல கூட, 'வயசாவுதுல்ல, கை தவறியிருக்கும்'னு சொல்றாங்க."

கட்டுப்போட்ட கையை இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"நீ ஒருத்தியாவது நம்புனியேம்மா. அது போதும் எனுக்கு."

அவர் படியிறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

"அண்ணே, நில்லுங்க!"

திரும்பினார். ஃபைஸா போனில் ஹேமந்தின் நம்பரை அழுத்திக்கொண்டே வெளியே வந்தாள். அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"இன்னாம்மா, துட்டத் திருப்பிக் கேக்கறியா?" என்று சிரித்தான் ஹேமந்த்.

"இல்லண்ணா. இவரு கை தவறல. போன வாரம் சர்வீஸுக்கு வந்தப்ப கைப்பிடி ஸ்க்ரூவ முடுக்காம அனுப்புனது நான்தான்."