உய்ங், கிறீச், உஸ்

"அண்ணா, கிடைக்கிறது லஞ்ச் டைம்ல அரை மணி. 'உடம்பு சரியில்ல, லீவு வேணும்'னு சொல்லக்கூட இவங்களுக்குத் தெரியல. நீங்க குடுத்த இங்கிலீஷ் வார்த்தைங்க வைன், ஸ்க்வீல், ஹிஸ்... மூணுமே கீச்சுச் சத்தம். இதை எப்படிப் பிரிச்சுச் சொல்லிக் குடுக்கிறது?"

அமலி சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் கம்ப்யூட்டர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. வருடம் 1985. வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் வியட்நாமிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தர, சர்ச்சில் பழக்கமான அமலியை அழைத்து வந்தவர் ஜெபதாஸ். மெஷின்களைப் பராமரிப்பது அவர் வேலை.

"லீவு கேக்கிறதை அடுத்த வாரம் சொல்லிக் குடும்மா. மெஷின் கெட்டுப்போறதுக்கு முன்னாடி சத்தம் போடும். என்ன கோளாறுன்னு அந்தச் சத்தமே சொல்லிடும். இந்த மாசம் ரெண்டு போயிடுச்சு. மூணாவதும் போனா என்னை லே-ஆஃப் பண்ணிடுவாங்க. க்ரீன் கார்டும் அதோட போச்சு."

"ஒரு சத்தம்னு வந்து சொன்னா, நீங்களே போய்க் கேட்டுக்கலாமே?"

"பன்னிரண்டு மெஷின்மா..." ஜெபதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கே சொல்லிக் குடுத்துடு, ப்ளீஸ்."

அமலி யோசித்தாள். பிறகு காதருகே விரலைச் சுழற்றி, "உய்ங்..." என்றாள்.

"வோ வே!" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஹோவா, கொசுவை அடிப்பதுபோலக் கையைத் தட்டி.

கார் பிரேக் போல "கிறீச்!" என்றதும், "கென் கெட்!" என்று நாலைந்து குரல்கள். டயரில் காற்று இறங்குவதுபோல "உஸ்ஸ்" என்றபோது எல்லோரும் "ஸீ..." என்றார்கள்.

"அண்ணா, அவங்க பாஷையில மூணும் தனித்தனியா இருக்கு! அதுமேல இங்கிலீஷ் வார்த்தையை ஒட்டினா முடிஞ்சுது."

"மிஸ்... ஹஸ்பண்ட்... ஸ்லீப்... வாட்?" என்று ஒருத்தி குறட்டை விட்டுக் காட்ட, வகுப்பே சிரித்தது. ஜெபதாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அமலி உள்ளே நுழையும்போதே ஹோவா ஜெபதாஸை நோக்கி ஓடினாள்.

"மிஸ்டர் தாஸ்! நம்பர் செவன்! வைன்! வைன்!"

ஜெபதாஸ் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே பேரிங், எண்ணெய் வறண்டு தகித்துக்கொண்டிருந்தது. மெஷின் தப்பியது.

அமலிக்குக் கோபம் வந்தது.

"வாசல் வரைக்கும் காதைத் துளைச்சுதே அண்ணா! நீங்க பக்கத்து மெஷின்கிட்டதானே நின்னீங்க? ஹோவா வந்து சொல்ற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ஜெபதாஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குக் கேக்கலம்மா. இருபது வருஷம் மெஷின் நடுவுலயே நின்னதுல, கீச்சுச் சத்தம் எதுவும் இப்ப என் காதுல விழறதில்ல. வைன்னா பேரிங், ஸ்க்வீல்னா பெல்ட், ஹிஸ்னா ஏர் லீக். அவங்க கேட்டுச் சொல்லட்டும், நான் ரிப்பேர் பண்றேன்."