எவர்சில்வர் தட்டு

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மலையேறவே கூடாது என்று சுலோச்சனாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். ஊரை ஒட்டிய மலையின் உச்சிக்குப் போவது, இருபது வருஷமாக அவளும் கணவர் சிதம்பரநாதனும் சேர்ந்து போட்ட திட்டம்.

"நீங்க போயிட்டு வாங்க. மேல போய்ச் சேந்துட்டீங்கன்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றாள் அவள்.

உச்சியிலிருக்கும் கல்குடிசையில் போன் எடுக்காது. ஆனால் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சிதம்பரநாதன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டைம்டேபிள் போட்டவர். தண்ணீர், கடலைமிட்டாய், தொப்பி என்று எழுதிய பட்டியலில் முகம் பார்க்கும் கண்ணாடியையும் சேர்த்தார். காலை எட்டு மணிக்கு அவர் கண்ணாடியால் மூன்று முறை வெயிலைத் திருப்ப வேண்டியது, அவள் எவர்சில்வர் தட்டால் மூன்று முறை பதில் சொல்ல வேண்டியது. சித்திரை முழுக்க ஒத்திகை நடந்தது. தெருமுனை, குளத்தங்கரை, கடைசியாக அடிவாரத்துச் செக்போஸ்ட். எங்கே நின்று பார்த்தாலும் அவள் தட்டு ஒன்றுதான் பளிச்சென்று மின்னியது.

பதினான்கு கிலோமீட்டர் மூச்சிரைக்க ஏறி, குடிசையில் தங்கி, மறுநாள் சரியாக எட்டுக்குக் கண்ணாடியை மூன்று முறை திருப்பினார்.

கீழே ஊரே மின்னியது. தகரக் கூரைகள், சோலார் பலகைகள், பஸ் கண்ணாடிகள். மூன்றை எண்ணப் போனால் கண் கூசியது.

"இதுல எது நீ, சுலோ?" என்றார் வாய்விட்டு.

பிறகு ஊரின் தென்கோடிக் கூரையிலிருந்து ஆரம்பித்து, மின்னிய ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று முறை கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வந்தார்.