கடைசி வரிசையில் குரல்

"குரலைப் போய்க் கடைசி வரிசையில தள்ளியிருக்கியே, தூக்கக் கலக்கத்துல புரோகிராம் எழுதினியா?"

போனில் மேலதிகாரி கத்தினார். தங்கை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடிக்கணினியை அக்காவின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்த்தி வைத்தாள்.

"தெரிஞ்சுதான் சார் எழுதினேன்."

"அம்மா தாயே! வீடியோ கால்ல படத்தை நிறம், தெளிவுன்னு அடுக்கடுக்காப் பிரிச்சு அனுப்பறோம். லைன் மோசமானா மேல் அடுக்கையெல்லாம் விடலாம். குரலை விடலாமா? பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே!"

"நேரம் தப்பி வர்ற டேட்டா பாக்கெட், பஸ் போனப்புறம் ஓடி வர்ற ஆள் சார். இருக்கற இடத்துல யாரை முதல்ல ஏத்தணும்னு இன்னிக்கு நான் முடிவு பண்றேன்."

அக்காவுக்குத் தலைப்பிரசவம், ஆபரேஷன். மாமாவோ நடுக்கடலில், கப்பலில். அவரோடு பேசாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே வரமாட்டேன் என்று அக்காவுக்கு ஒரே பிடிவாதம். டாக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

திரை துடித்தது. மாமாவின் முகம் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி தெரிந்தது.

"பயமா இருக்குங்க" என்றாள் அக்கா.

"எனக்குந்தான். ஆனா நீ பயந்தா பிள்ளையும் பயந்தாங்கொள்ளி ஆயிடும்."

"ம்க்கும்! அது உங்க வம்சம், தானா வரும்."

"உன் மூக்கு மட்டும் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடு."

"ஊருக்கு வாங்க, உங்க மூக்கை உடைக்கறேன்!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடே ஸ்ட்ரெச்சரில் படுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

மேலதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. "என் திரையில பார்த்துட்டே இருந்தேன்மா. லைன் செத்த மாதிரிதான். ஒரு குரல் பாக்கெட்கூடப் போய்ச் சேரலை. உன் போன்லயும் பேச்சு ஒண்ணும் கேக்கலை. ஆனா சிரிப்பு மட்டும் கேட்டுதே! பேசாமலா உள்ளே போனாங்க?"

"எல்லாம் பேசிட்டாங்க சார். சண்டைகூடப் போட்டாச்சு."

"அடேங்கப்பா! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி நான் பார்த்ததே இல்லை. என்னம்மா வித்தை பண்ணினே?"

"முகத்தை விட்டேன், நிறத்தை விட்டேன், விரல்களை மட்டும் தெளிவா ஏத்தி அனுப்பினேன் சார். காது கேக்காத என் அக்காவுக்கும் மாமாவுக்கும் குரல் அங்கேதானே இருக்கு!"