எண்பதாவது கட்டம்

"நெத்தியிலேர்ந்து கண்ணாடியை இறக்கிட்டு ஒரு தடவை பாருங்க சார். தப்பு உங்க புரோகிராம்லதான் இருக்கு."

படித்ததும் கத்தரிக்குக் காது சிவந்தது. நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கி, அதே வரிகளை மறுபடியும் படித்தார். திமிர்தான், சந்தேகமே இல்லை.

கத்தரி என்பது மற்ற புரோகிராமர்கள் அவருக்கு வைத்த பெயர். கட்டளைகளைத் தட்டுவதற்கான அந்தக் கறுப்புத் திரை புரோகிராமைப் பதினெட்டு வருடம் முன்னால் தனியாளாக எழுதியவர் அவர். அதற்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் அவர் ஒப்புதல் தராமல் ஒரு காற்புள்ளிகூட உள்ளே நுழைய முடியாது. வருவதில் முக்கால்வாசியை வெட்டித் தள்ளிவிடுவார்.

இந்த வாரம் அவரிடம் மாட்டியவன், 'ஓணான்' என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவன். திங்கட்கிழமை, 'அவசரம்' என்ற குறிப்போடு அவனுடைய திருத்தம் வந்தது. திரையின் அகலம் எண்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. எண்பதைத் தாண்டும் வரி மடிந்து கீழே இறங்க வேண்டும். ஆனால் எண்பதாவது கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வந்து விழுந்தால், மடிந்த மிச்சத்தின் மேலேயே அடுத்த வரி ஏறி உட்கார்ந்துவிடுகிறதாம்.

"பதினெட்டு வருஷமா ஓடுது. ஒருத்தரும் புகார் சொல்லலையே?" என்று எழுதினார் கத்தரி.

"இதுல தமிழ் படிக்கிறவங்க குறைச்சல் சார்."

"குறைச்சல்னா அப்புறம் எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள சேர்த்துட்டா நல்லது சார்."

ஆறு தடவை திருப்பி அனுப்பினார். பெயர் வைத்த விதம் சரியில்லை என்றார், சோதனை போதாது என்றார், ஒரு தடவை நடுவில் காலி வரி அதிகம் என்றுகூடச் சொன்னார். ஓணான் முணுமுணுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்து அனுப்பினான். வெள்ளிக்கிழமை மத்தியானமாகிய இன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்திருக்கிறான்.

"யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?" என்று அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மனைவி. மகளோடு இருப்பதற்காக அவள் ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது.

"கடைசியா கேக்கிறேன். சாயங்கால வண்டிக்குக் கிளம்புறீங்களா இல்லையா?"

"உன் பொண்ணையே கேளு. அவதான் மெயில் அனுப்பியிருக்காளே."

"அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். பளிச்சுன்னு புரியுற மாதிரிதான் எழுதியிருக்கா."

"படிச்சுமா உங்க மனசு இளகல? நீங்கல்லாம் மனுஷன்தானா?"

போனை வைத்துவிட்டாள்.

தனக்கு ஒருவனைப் பிடித்திருப்பதாக மகள் போனில் சொன்ன அன்று, "யாரைக் கேட்டு முடிவு பண்ணின?" என்று அவர் கத்தியது நிஜம். பையன் பேரைக்கூடக் கேட்காமல் போனை வைத்ததும் நிஜம். ஆனால் இரண்டு நாளில் கோபம் தணிந்து, யாருக்கும் சொல்லாமல் போய்க் கல்யாணத்துக்கு ஒரு சட்டை வாங்கி வந்தார். மறுநாள்தான் அந்த மெயில் வந்தது.

இருக்கிற எரிச்சலெல்லாம் ஓணான் பக்கம் திரும்பியது. அவன் திருத்தத்தை ஓட்டிப் பார்த்து, ஏதாவது உடைந்தால் அதைக் காட்டி ஒரேயடியாக இழுத்து மூடிவிடலாம். ஏற்றினார். சோதித்துப் பார்க்க நீளமான தமிழ் வரி ஒன்று வேண்டும். அவர் கம்ப்யூட்டரில் வேலை சம்பந்தப்பட்டதெல்லாம் ஆங்கிலம். தமிழில் இருந்தது மகளுடைய மெயில் ஒன்றுதான். மெயிலையும் அவர் அந்தக் கறுப்புத் திரையில்தான் படிப்பது வழக்கம்.

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார்.

"அப்பா, திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்பா. அன்னிக்குப் போன்ல நீங்க பேசின பேச்சுக்கு, நீங்க வரவே வேண்டாம்"

இதுவரைக்கும் அவருக்கு மனப்பாடம். இதற்குக் கீழே 'உங்க மக' என்று இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டுக்கும் நடுவே இன்னொரு வரி இருந்தது.

"னு சொல்ல எனக்கு மனசு வரலப்பா. நீங்க வந்து பக்கத்துல நின்னாதான் கையெழுத்துப் போடுவேன்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை இல்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு பரபரவென்று எழுந்தார். சட்டையைப் பெட்டியில் திணித்தார். வண்டிக்கு டிக்கெட் எடுத்தார். தட்டி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, நின்றபடியே ஓணானுக்கு எழுதினார்.

"ஒப்புதல். தப்பு என்னுதுதான் தம்பி. சாயங்கால வண்டில ஊருக்குக் கிளம்புறேன், நாலு நாள் இருக்க மாட்டேன். அதுவரைக்கும் வேற எதுவும் அனுப்பாதே."

அரை நிமிடத்தில் பதில் வந்தது.

"காலைல ஸ்டேஷனுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன், மாமா."