வாசற்படி இல்லாத வழி

கங்காதரனுக்கு முட்டி தேய்ந்துபோய் மூன்று வருடமாகிறது. அப்படியும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் புதுச்சேரி டூருங்கள்ல எதுல ரொம்ப நேரம் நடக்கணும் தம்பி?" என்று கேட்டார்.

கடைக்கார முகமது ஆசிக் எட்டி அவர் காலைப் பார்த்தான். "நைனா, புதுச்சேரி சின்ன ஊரு. பேட்டரி கார்ல குந்திகினா ஒரு மணி நேரத்துல பழைய துறைமுகம், லைட் ஹவுஸ், வெள்ளக்காரன் தெரு அல்லாத்தையும் காட்டி இட்டாந்து உட்ருவாங்கோ. படகு கூட கீது. உங்க முட்டிக்கு நட எதுக்கு?"

"நடதான் வேணும்."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கோமளா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். "பால் வாங்கியாறதுக்கு ஆட்டோ கேக்குற ஆளு. இவரு நடக்கப் போறாராம்," என்றாள் ஆசிக்கிடம்.

கங்காதரன் மேஜை மேலிருந்த நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த போட்டோவின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். விரலுக்குக் கீழே, பழைய துறைமுக நடைக்கு வழிகாட்டும் பெண் நீலக் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா.

இரண்டு வருடத்துக்கு முன் வேதக்காரப் பையன் ஜெபாவைக் கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனவள். அன்றைக்குச் சென்னீர்குப்பத்துப் பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும், "இனிமே அவ ஊட்டு வாசப்படிய மிதிச்சா நான் கங்காதரனே இல்ல" என்று சொல்லித் தலை முழுகிவிட்டார் இவர். அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றியவளே கோமளாதான். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? கல் நெஞ்சுக்காரி.

முழுகிய தலை காய்வதற்குள்ளேயே அவருக்கு மனசு கரைந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல? சொன்ன வாய் தன்னுடையது. ஆசிக் 'நைனா' என்று கூப்பிடும்போதெல்லாம் மகள் கூப்பிடுவது போலவே இருந்து சுருக்கென்றது.

போன வாரம் இந்தக் கடைக் கண்ணாடியில் நோட்டீஸைப் பார்த்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. தெருவில் நடப்பதற்கு வாசற்படி ஏது? டிக்கெட் வாங்கியவரிடம் மூன்று மணி நேரம் அவள் பேசித்தானே ஆகவேண்டும்? அங்கே போனபின் கோமளா முறைத்தால், நமக்கு எங்கே தெரியும், எதேச்சையாக அமைந்துவிட்டது என்று சாதித்துவிடலாம்.

"நடன்னா ரெண்டு கீது நைனா," என்றான் ஆசிக். "தமிழ்த் தெரு நட ஒண்ணு. அதுக்கு வர்ற ஞானசேகரன் சாரு சோக்கா பேசுவாரு. துறைமுக நட ஒண்ணு, அதுக்கு ஒரு பொண்ணு வரும். என்னக் கேட்டா சாருகூடப் போங்கன்னுதான் சொல்லுவேன்."

"எனக்குத் துறைமுகம்தான் பாக்கணும்."

"எனக்குப் படகு," என்றாள் கோமளா. "இன்னாத்துக்கு வெயில்ல சாவணும்? படகுல போலாம்யா."

கங்காதரனுக்கு வேர்த்துவிட்டது. கோமளா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் கோயிலுக்குப் போயே தீருவாள், மழையாவது புயலாவது. முட்டியை வைத்துக்கொண்டு இவர் கூடப் போனதில்லை. மறுநாள் அவள் திரும்பி வந்ததும், செருப்பில் ஒட்டியிருக்கும் சிப்பித்தூள் கலந்த மணலை வாசலில் உதறிவைப்பது மட்டும் இவர் வேலை.

"அடுத்த தபா படகுல போலாம் கோமளா. இந்த ஒரு தபா நடந்துடலாம்." குரல் கெஞ்சியது. அதை மறைக்க இருமிப் பார்த்தார்.

"நடன்னா சீக்கிரம் போய்டு நைனா," என்றான் ஆசிக். "அந்தப் பொண்ணு இந்த மாசத்தோட நின்னுக்குதாம். அப்பால வேற ஆளு."

போட்டோ மேலிருந்த விரலை எடுக்காமலே நிமிர்ந்தார். "ஏம்பா நின்னுக்குது?"

"தெர்ல. ஒடம்பு முடிலன்னு அந்த ஆபீஸ்ல சொன்னாங்கோ."

உடம்புக்கு என்ன? எத்தனை நாளாக? ஜெபாவின் நம்பரை அன்றைக்கே அழித்தாகிவிட்டது. பெற்ற பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பதை டிக்கெட் விற்கிறவன் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டதே. பக்கத்தில் கோமளா காதிலேயே விழாதவள் மாதிரி விசிறிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லி அழக்கூட வழியில்லை.

"ஞாயித்துக்கெழம ரெண்டு சீட்டு போடு தம்பி," என்றார். "துறைமுக நடைக்கே போடு. எத்தினி மணிக்கு?"

"காலைல ஏழுக்கு ஒண்ணு. சாயங்காலம் நாலுக்கு ஒண்ணு."

"ஏழுக்கே போட்டுடு." சாயங்காலம் வரைக்கும் அவரால் தாங்க முடியாது.

ஆசிக் கம்ப்யூட்டரில் தட்டப் போனான். கோமளா விசிறுவதை நிறுத்தினாள். கை நீட்டி, கணவரின் கட்டைவிரலைப் போட்டோவிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"காலைல வாணாம்பா, நாலு மணிக்குப் போடு. அவளுக்கு மூணாவது மாசம், விடிஞ்சா வாந்தி."