யாரும் உட்காராத நாற்காலி

“நைனா, யாருமே உக்காராத ஒரு நாற்காலிக்கு இன்னா அர்த்தம்?”

மகள் யுவஸ்ரீ இப்படிக் கேட்டதும், ஷாமியானா துணியை மடித்துக்கொண்டிருந்த ராஜவேலு கையை நிறுத்தினார். திருத்தணி மலையடிவாரத்தில் நாற்காலி, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர் அவர். நாற்காலியைப் பற்றிய பேச்சை யாரும் தன்னைக் கேட்காமல் முடிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

“கால் ஒடஞ்சிருக்கும்,” என்றார்.

அதில்லை என்று அவள் விளக்கினாள். கல்லூரியில் ஓர் அமெரிக்க நாடகம் பாடமாம். அதில் வரும் நாற்காலி எதற்குக் குறியீடு, பாத்திரங்களின் உறவு எப்படிப்பட்டது என்றெல்லாம் பரீட்சையில் கேட்பார்களாம். புத்தகம் சிநேகிதியிடம் இருந்ததால் கதையை வாயால்தான் சொன்னாள்.

ஓர் அக்கா, ஒரு தம்பி. அக்கா பிள்ளைக்குச் சர்ச்சில் பேர் வைக்கிற நாளில் தம்பி வரத் தாமதமாகிவிட்டது. காத்திருக்காமல் சடங்கை முடித்துவிட்டார்கள். அவன் கோபித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டான். அன்றிலிருந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. பிள்ளைகள் ஏறினால்கூட இறக்கிவிட்டுவிடுவாளாம்.

ராஜவேலு மடித்த துணியைக் கீழே வைத்தார். அவர் கதையும் ஏறக்குறைய இதுதான். அக்கா தமிழ்செல்வியின் கடைக்குட்டிக்கு மலைமேல் காது குத்தியபோது, தாய்மாமனான இவர் மடியில்தான் குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டு இவர் சீர்த்தட்டோடு படியேறிப் போவதற்குள், அக்கா புருஷன் முருகவேல் தன் தம்பி மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். தட்டோடு இறங்கி வந்தவர்தான். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

ஆடிக்கிருத்திகைக்கு அக்கா குடும்பம் திருவாலங்காட்டிலிருந்து காவடி எடுத்து இவர் வாசல் வழியாகத்தான் மலைக்குப் போகும். அந்த நேரம் பார்த்து ராஜவேலு கடைக்குள் புகுந்து, அடுக்கிய நாற்காலியையே மறுபடி அடுக்குவார். அக்கா முகத்தை ஒரு தரமாவது பார்க்க மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த வருஷக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

“அமெரிக்காவுலயும் தாய்மாமன் மொறை உண்டாம்மா?”

“ஆங், அங்க இன்னும் கெடுபிடி நைனா,” என்றாள் யுவஸ்ரீ தரையைப் பார்த்துக்கொண்டு.

“கடைசில அந்தத் தம்பிக்காரன் போய்ப் பார்க்கிறானா இல்லியா?”

இல்லையாம். வருஷா வருஷம் சர்ச் திருவிழாவுக்கு அக்கா அவன் வாசல் வழியாகவே போகிறாளாம். அவன் கதவைச் சாத்திக்கொள்கிறானாம். அதோடு திரை விழுந்துவிடுகிறதாம்.

ராஜவேலுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னா மனுசன் அவன். அந்தம்மா வருஷக்கணக்கா ஒரு நாற்காலிய காலியா வச்சிக்கினு கீறாங்க. இவன் ஒரு நாற்காலிய எடுத்து வாசல்ல போட்டா கொறஞ்சா போயிடுவான்?”

“அதையே எழுதிடறேன் நைனா,” என்று யுவஸ்ரீ எழுந்து போய்விட்டாள்.

அன்று ராஜவேலுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரோ ஓர் அமெரிக்காக்காரனைத் திட்டியது தன்னையே திட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

ஆடிக்கிருத்திகை காலையில் தெரு முழுக்க அரோகரா. கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காருகிற மெத்தை நாற்காலியைத் துடைத்து வாசலில் போட்டார் ராஜவேலு. பக்கத்தில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், ஓர் அண்டா மோர். அந்த மெத்தை நாற்காலியில் உட்கார வந்த காவடிக்காரர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்துச் சமாளித்தார். அக்கா குடும்பம் கண்டுகொள்ளாமல் போய்விட்டால் மானம் போய்விடுமே என்று உள்ளுக்குள் உதைத்தது.

முருகவேல் பூக்காவடியோடு வந்தார். பின்னால் அக்காவும் அவள் மகள் துர்காவும். முருகவேல் வாசலைத் தாண்டவில்லை. கூட வந்தவர் தோளுக்குக் காவடியை மாற்றிவிட்டு நேராக வந்து நின்றார். ராஜவேலு குனிந்து அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“உக்காருங்க பாவா.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகவேல் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்.

“நானே இன்னிக்கு உள்ள வரணும்னுதான் கெளம்பினேன் மச்சான். நம்ம துர்காவுக்குக் காலேஜ்ல ஒரு அமெரிக்கா நாடகமாம். அதுல ஒரு தாய்மாமன். அக்கா புள்ளைக்கு வாங்கின சீர்த்தட்ட மஞ்சத் துணியில கட்டி பீரோ மேல வச்சிக்கினு, நல்ல நாள்னா எடுத்துத் தொடச்சி வைப்பானாம். கேட்டதுலேந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

ராஜவேலு குழம்பினார். யுவஸ்ரீ சொன்ன நாடகத்தில் நாற்காலிதான் உண்டு, தட்டு கிடையாது. மெல்லத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். பீரோ மேல் மஞ்சள் துணி மூட்டை இருந்தது. நேற்றுத்தான் துடைத்து வைத்திருந்தார். அது எப்படி அமெரிக்கா வரைக்கும் போனது?

“அக்கா, உங்க வூட்ல யாரும் உக்காராத நாற்காலி எதுனா கீதா?”

தமிழ்செல்வி திடுக்கிட்டாள். “நீ வந்தா உக்காருவியே, அந்த மரச் சேருதான். இன்னி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார வுடல. உனக்கு யாருடா சொன்னது?”

ராஜவேலு முருகவேல் பக்கம் திரும்பினார். “அந்த நாடகப் புத்தகம் எங்க பாவா?” என்றார்.

“சிநேகிதிகிட்ட கீதாம்.”

மச்சானும் பாவாவும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே வகுப்பில் படிப்பதை இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் இருந்த அந்த நாடகாசிரியைகள் இருவரும், மோர் அண்டாவுக்குப் பின்னால் ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.